இரவில் அமர்ந்துவிடும் கார்: பழைய வண்டியின் ஏர் சஸ்பென்ஷன் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தபோது கார், ஒருக்களித்துப் படுத்த எருமையைப்போல் கிடந்தது. பின்பக்க இடது மூலை மட்டும் அமுங்கி, டயரின் மேல்விளிம்பு மட்கார்டுக்குள் புதைந்திருந்தது. பால் ஊற்ற வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "டயர் பஞ்சரா சார்?" என்றார். டயரில் காற்று இருந்தது. வண்டியில்தான் இல்லை.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் இந்தக் காட்சி அரிதல்ல. பெங்களூரு கூப்பிடு தூரத்தில் இருப்பதால், அங்கே பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய பெரிய ஜெர்மன், பிரிட்டிஷ் கார்கள் ஒரு புதிய சிறிய காரின் விலைக்கு இங்கே வந்து சேர்கின்றன. கே.ஏ. எண்ணோடு வரும் வண்டிக்குத் தடையில்லாச் சான்று வாங்கி, வரி கட்டி, டி.என். 24 என்றோ 29 என்றோ 70 என்றோ எண் பலகையை மாற்றிவிட்டால் நம் ஊர் வண்டி ஆகிவிடுகிறது. வாங்கும் விலை இறங்கிவிடுகிறது. உதிரிபாக விலை இறங்குவதில்லை. அது முதன்முதலில் உறைப்பது பெரும்பாலும், வண்டியைக் காற்றால் தாங்கி நிறுத்தும் ஏர் சஸ்பென்ஷனில்தான்.

என் வண்டி 2008ஆம் ஆண்டுத் தயாரிப்பு. முதல்முறை அமர்ந்தபோது ஒரு பட்டறையில் வண்டிக் கணினியின் பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகி, ஐந்தே நிமிடத்தில் "கம்ப்ரசர் போய்விட்டது" என்றார்கள். மாற்றினேன். ஏழு மாதத்தில் புதிய கம்ப்ரசரும் கருகியது. கம்ப்ரசர் செத்தது உண்மைதான். அதைக் கொன்றது வேறோர் இடத்தில் இருந்த மயிரிழை விரிசல். கீழே சொல்லும் வரிசை முழுவதும் அந்தத் தவறைத் தவிர்ப்பதற்கான வரிசை. கசிவு எங்கே என்று தெரியும்வரை கம்ப்ரசருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

உள்ளே நடப்பது என்ன

சாதாரணக் காரில் சுருள் வில் செய்யும் வேலையை இங்கே காற்று அடைத்த ரப்பர் உறை செய்கிறது. நம் பக்கத்து மெக்கானிக்குகள் அதை "பெல்லோ" என்பார்கள்; ஆம்னி பஸ்களில் பார்த்துப் பழகிய பெயர். "ஏர் பேக்" என்பவர்களும் உண்டு. விபத்தில் விரியும் ஏர் பேக்கோடு குழப்பிக்கொண்டு உதிரிபாகக் கடையில் கேட்காதீர்கள். சில வண்டிகளில் பெல்லோவும் ஷாக் அப்சார்பரும் ஒரே உறுப்பாக இருக்கும்; அதற்கு ஏர் ஸ்ட்ரட் என்று பெயர். 1998இல் வந்த பென்ஸ் டபிள்யூ220 ஆகட்டும், முதல் தலைமுறை ஆடி கியூ7 ஆகட்டும், லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3 ஆகட்டும், அடிப்படை ஒன்றுதான்.

மின்சாரக் கம்ப்ரசர் ஒன்று வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்துகிறது. அழுத்திய காற்று டிரையர் என்னும் சிறு உருளையைக் கடக்கிறது. அதற்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள். அடுத்தது வால்வு பிளாக். ஏரித் தண்ணீரை மடை திறந்து ஒவ்வொரு வயலுக்கும் விடுவதுபோல், இது நான்கு மூலைக்கும் காற்றைத் திறந்து மூடுகிறது. பல வண்டிகளில் காற்றைச் சேர்த்து வைக்க ஒரு டேங்கும் இருக்கும். உயரத்தை அளக்கும் சென்சார்கள் சில வண்டிகளில் நான்கு. சிலவற்றில் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. இவற்றை எல்லாம் ஆட்டிவைக்கும் கணினிப் பெட்டி ஒன்று.

டயரில் நாம் அடிப்பது 32 முதல் 35 பி.எஸ்.ஐ., அதாவது ஏறக்குறைய 2.3 பார். பெல்லோவுக்குள் இருப்பது அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. டேங்க் உள்ள வண்டிகளில் அங்கே 16 பார் வரைகூடப் போகும். இந்த அழுத்தத்தில் ஊசிமுனைத் துளையும் பெரிய துளைதான்.

டிரையரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டறைகளில் யாரும் இதைச் சொல்வதில்லை. வண்டியை இறக்க வேண்டும் என்றால் கணினி காற்றை வெளியே விடுகிறது அல்லவா, அந்தக் காற்று வந்த வழியிலேயே டிரையரைத் திரும்பக் கடந்து வெளியேறுகிறது. போகும்போது மணிகளில் இருக்கும் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு போகிறது. இப்படி டிரையர் தன்னைத் தானே உலர்த்திக்கொள்கிறது. பெல்லோவில் கசிவு இருந்தால் காற்று அங்கேயே ஓடிவிடுகிறது. டிரையருக்குத் திரும்பி வருவதில்லை. கம்ப்ரசர் மேலும் மேலும் ஈரக்காற்றை இழுத்துத் திணிக்கிறது, மணிகள் ஊறி மாவாகின்றன. அந்த வெள்ளை மாவு வால்வு பிளாக்குக்குள் போய் உட்கார்ந்தால் வால்வுகளும் கசியத் தொடங்கும். இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையமான ஒரு ஓ-ரிங்கில் தொடங்கிய கோளாறு ஓராண்டில் கம்ப்ரசர், டிரையர், வால்வு பிளாக் என மூன்றையும் சாப்பிட்டுவிடுவது இப்படித்தான்.

கைவைக்கும் முன்

காற்றை நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பியும் போகாதீர்கள். வண்டியைத் தூக்கியதும் இரும்பு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பெல்லோ திடீரென்று காலியானால் காருக்கும் தரைக்கும் இடையில் ஒரு கை நுழையும் இடம்கூட மிஞ்சாது.

சாவியை எடுத்துவிட்டாலும் கணினி சிறிது நேரம் விழித்தே இருக்கும். கதவைத் திறந்தால்கூட உயரத்தைச் சரிசெய்யப் பார்க்கும். ஆகவே ஜாக்கி போடுவதற்கென்று ஒரு நிலை உங்கள் வண்டியின் மெனுவில் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் சஸ்பென்ஷன் ஃப்யூஸையும், கம்ப்ரசருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலேயையும் பிடுங்கிவிடுங்கள். காற்றுக் குழாயின் நட்டைக் கழற்றும்போது அரைச்சுற்று திருப்பி, சீறல் அடங்கும்வரை காத்திருங்கள். முகத்தை அதற்கு நேரே வைக்காதீர்கள். கண்ணாடி அணியுங்கள்.

முதல் படி: டேப்பும் ஒரு நோட்டும்

இதற்கு எந்தப் பட்டறையும் வேண்டாம். மாலையில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். எஞ்சினை ஓடவிட்டு உயரம் நிலைபெற்றதும் நிறுத்திவிட்டு, நான்கு சக்கரத்திலும் வீல் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் காற்றும் தரை மேடுபள்ளமும் கணக்கைக் கெடுக்கும். பிறகு சஸ்பென்ஷன் ஃப்யூஸை எடுத்துவிடுங்கள். காலையில் கதவைத் திறப்பதற்கு முன் மறுபடி அளங்கள்.

ஃப்யூஸை எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. லேண்ட் ரோவர் உள்ளிட்ட சில வண்டிகளின் கணினி இரவில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்து, ஒரு மூலை இறங்கியிருந்தால் மற்ற மூன்றையும் அதற்கு ஏற்ப இறக்கிவிடும். வண்டி சாயாமல் இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். காலையில் பார்க்கும் நமக்கோ நான்கும் கசிவதுபோல் தோன்றும். ஃப்யூஸ் இல்லாவிட்டால் உண்மையான குற்றவாளி மட்டும் தனியாக அமர்ந்திருக்கும்.

என் நோட்டில் இருந்த கணக்கு: பின் இடது மாலையில் 38.5 செ.மீ., காலையில் 31. மற்ற மூன்றும் அரை செ.மீ.க்குள். இதற்குமேல் என்ன துப்பு வேண்டும்?

ஒரே மூலை இறங்கினால் சந்தேகம் மூன்று இடத்தில்: அந்த பெல்லோ, அதற்குப் போகும் குழாயும் அதன் இணைப்பும், வால்வு பிளாக்கில் அந்த மூலைக்குரிய வால்வு. ஒரே அச்சின் இரண்டு மூலையும் சேர்ந்து இறங்கினால் வால்வு பிளாக்கை முதலில் பாருங்கள், இரண்டு பெல்லோவும் ஒரே வயதில் ஒன்றாகத் தேய்ந்திருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். இரவில் எதுவுமே இறங்கவில்லை, ஆனால் ஓட்டும்போது சாய்ந்தோ தூக்கியோ நிற்கிறது என்றால் கசிவைத் தேடி நேரத்தை வீணாக்காமல் சென்சாருக்குப் போங்கள். இறங்கவில்லை, ஆனால் ஏற மறுக்கிறது என்றால் கம்ப்ரசரும் அதன் மின்சாரமும்.

ஒரு வாரம் நிறுத்திவைத்த பழைய வண்டி ஓரளவு இறங்குவது கோளாறு அல்ல. ஓர் இரவில் இறங்குவது கோளாறு. ஒரு மணி நேரத்தில் இறங்குமானால் இனி அதை ஓட்டவே கூடாது.

மார்கழியில் மட்டும் இறங்கி, சித்திரையில் நிமிர்ந்து நிற்கும் வண்டிகளும் உண்டு. தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கத்துக் குளிர்காலையில் முதிர்ந்த ஓ-ரிங் விறைத்துச் சுருங்கும். வெயில் ஏறியதும் இளகி அடைத்துக்கொள்ளும். பட்டறைக்கு மதியம் எடுத்துப் போனால் "ஒன்றுமில்லையே" என்பார்கள். அத்தகைய வண்டியை முந்தைய இரவே பட்டறையில் விட்டுவிடுவது நல்லது.

இரண்டாம் படி: பேட்டரி, ஃப்யூஸ், ரிலே

கம்ப்ரசர் கிளம்பும்போது நிறைய ஆம்பியர் கேட்கும். பேட்டரி சோர்ந்திருந்தால் கணினி கம்ப்ரசருக்கு அனுமதியே தராது. சம்பந்தமில்லாத பிழைக் குறியீடுகளையும் எழுதி வைக்கும். வண்டி ஓய்வில் இருக்கும்போது 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் செய்யுங்கள். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும்.

ரிலே இந்த அமைப்பில் மிக மலிவான உறுப்புகளில் ஒன்று. அதிக நாசம் செய்வதும் அதுவே. கசிவால் கம்ப்ரசர் ஓயாமல் ஓட, ரிலேயின் தொடுமுனைகள் கருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் சாவியை எடுத்த பிறகும் கம்ப்ரசர் நிற்காது. காலையில் பேட்டரியும் செத்திருக்கும், கம்ப்ரசரும் தீய்ந்திருக்கும். வண்டியை நிறுத்தி அரை மணி கழித்துக் கம்ப்ரசர் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். அப்போதும் அனல் அடித்தால் ரிலேயை உடனே பிடுங்குங்கள். கம்ப்ரசர் மாற்றும் நாளில் ரிலேயையும் மாற்றியே தீர வேண்டும். எனக்கு முதல்முறை மாற்றியவர்கள் பழைய ரிலேயையே திரும்பச் செருகியிருந்தார்கள்.

ஸ்கேனர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எஞ்சின் பிழைகளை மட்டும் படிக்கும் மலிவு ஸ்கேனர் சஸ்பென்ஷன் கணினியோடு பேசாது. ஆடி, ஃபோக்ஸ்வாகன் வண்டிகளுக்கு வி.சி.டி.எஸ்., பென்ஸுக்கு ஸென்ட்ரி என்று அந்தந்த வண்டிக்குரிய கருவி வேண்டும். இருக்கும் பிழைகளை எழுதிக்கொண்டு, அழித்து, ஒரு நாள் ஓட்டிவிட்டு மறுபடி படியுங்கள். திரும்பி வருவதே உயிருள்ள பிழை. "கம்ப்ரசர் அளவுக்கு மீறி ஓடியது" என்ற பொருளில் வரும் பிழையைப் படித்துவிட்டுக் கம்ப்ரசர் கெட்டது என்று முடிவுகட்டுவதுதான் வழக்கமான பிசகு. அது கம்ப்ரசரின் புலம்பல்.

மூன்றாம் படி: சோப்புத் தண்ணீர்

கிருஷ்ணகிரி புறவழிச் சாலையில் லாரி ஏர் பிரேக் வேலை பார்க்கும் ஒருவரிடம் கடைசியில் போய் நின்றேன். கார் வேலை தனக்குப் பழக்கமில்லை என்று முதலில் தயங்கினார். கதையைக் கேட்டுவிட்டு, "காற்று போகிற இடத்தைப் பார்க்காமல், காற்று அடிக்கிற மெஷினை மாற்றியிருக்கிறீர்களே சார்" என்றார். நான் காட்டிய பழைய கம்ப்ரசரின் மேல் வாப்கோ என்ற பெயரைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. லாரிக்காரர்களுக்கு அது பிரேக்கின் பெயர். அதே நிறுவனம் சொகுசுக் கார்களுக்கும் காற்று அமைப்பு செய்தது அவருக்குப் புதிய செய்தி.

தக்காளிக்கு மருந்தடிக்கும் சிறிய கைத்தெளிப்பானில் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலை ஊற்றினார். புதிய தெளிப்பானாக இருக்கட்டும். பூச்சிமருந்து மிச்சத்தை முகத்தருகே தெளித்துக்கொள்ளாதீர்கள். கரைசல் கெட்டியாக வேண்டும். தண்ணீராக இருந்தால் வழிந்தோடிவிடும், குமிழி நிற்காது.

அடிக்க வேண்டிய இடங்களில் முதலாவது பெல்லோவின் தலையில் குழாய் வந்து சேரும் பித்தளை நட்டு. அடுத்து, ரப்பரை உலோகத்தோடு கவ்வும் வளையம், மேலும் கீழும். பிறகு, எல்லாவற்றையும்விட முக்கியமாக, ரப்பர் உள்நோக்கி மடியும் கீழ் மடிப்பு. வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் இந்த மடிப்பு உருண்டுகொண்டே இருக்கும். வேட்டி மடிப்பில் துணி முதலில் இற்றுப்போவதுபோல் ரப்பர் அங்கேதான் நைந்துபோகும். குவாரிப் பக்கத்துச் சாலைகளில் ஓடும் வண்டியாக இருந்தால் மடிப்புக்குள் கிரானைட் தூள் போய் உப்புத்தாள்போல் தேய்த்துக்கொண்டிருக்கும். தண்ணீர் பீய்ச்சி அதைக் கழுவிவிட்டுத்தான் சோப்பு அடிக்க வேண்டும்.

எங்களுக்கு நட்டில் முதலில் குமிழி வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓ-ரிங் மாற்றி, இறுக்கி, வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை 33 செ.மீ. கொஞ்சம் தேறியிருக்கிறது, குணமாகவில்லை.

இரண்டாம் முறை போனபோது வண்டியை உயர்த்திய நிலையில் சோதித்தோம், ஒன்றும் இல்லை. பிறகு அவர் வண்டியை மிகத் தாழ்ந்த நிலைக்கு இறக்கச் சொன்னார். பின்சக்கரங்களைச் சாய்தளத்தில் ஏற்றி, உடலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். ஒரு நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு மடிப்பின் ஓரத்தில் கேழ்வரகு அளவில் ஒரு குமிழி. அதன் அருகில் இன்னொன்று. சற்று நேரத்தில் ஒரு விரற்கடை நீளத்துக்கு நுரை மீசைபோல் கோத்து நின்றது. உயர்ந்த நிலையில் அந்த விரிசல் மடிப்பைத் தாண்டி நேராகி மூடிக்கொள்கிறது. இறங்கும்போது மடிப்பில் விரிந்து திறக்கிறது. ஓட்டும்போது ஒழுங்காக இருந்து, இரவில் மட்டும் அமர்ந்த மர்மம் அதுதான். ஆகவே சோப்புச் சோதனையை உயர்வு, நடு, தாழ்வு என மூன்று உயரத்திலும் செய்யுங்கள்.

குழாய்களையும் தொடக்கம் முதல் முடிவுவரை கண்ணால் பின்தொடருங்கள். மாந்தோப்பு, நிலக்கடலைக் கொல்லை ஓரத்தில் நிற்கும் வண்டிகளில் எலி கடித்த நைலான் குழாய் சர்வசாதாரணம்.

கண்டுபிடித்த விரிசலில் பஞ்சர் ஒட்டு போடலாமா என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. டயர் ட்யூபில் ஒட்டு நிற்கும்; உருண்டுகொண்டே இருக்கும் மடிப்பில் நிற்காது. டீசல், மண்ணெண்ணெய், கிரீஸ் எதையும் பெல்லோவில் பூசாதீர்கள். பெட்ரோலியப் பொருள் பட்டால் ரப்பர் ஊதி மென்மையாகிவிடும்.

நான்காம் படி: பெல்லோவா, வால்வு பிளாக்கா?

எங்கே அடித்தும் குமிழி வரவில்லை, வண்டி மட்டும் அமர்கிறது என்றால் வால்வு பிளாக்கின் உட்கசிவாக இருக்கலாம். அது வெளியே தெரியாது. மூடியிருக்க வேண்டிய வால்வு வழியாகக் காற்று உள்ளுக்குள்ளேயே நழுவிவிடும்.

பிரித்தறிய லாரிப் பட்டறைச் சாமான்களே போதும். ஃப்யூஸை எடுத்துவிட்டு, சந்தேகப்படும் மூலைக்குப் போகும் குழாயை வால்வு பிளாக்கில் கழற்றுங்கள். குழாயின் அந்த முனையில் அழுத்த மீட்டர், ஒரு திருகு அடைப்பான், டயர் வால்வு மூன்றையும் கோத்த சிறு இணைப்பைச் செருகுங்கள். சக்கரம் தரையில் ஊன்றியிருக்க, பட்டறைக் கம்ப்ரசரிலிருந்து மெல்ல மெல்லக் காற்று ஏற்றி, வண்டி வழக்கமான உயரத்துக்கு வந்ததும் அடைப்பானை மூடிவிடுங்கள். 8 முதல் 10 பார் தரும் பட்டறைக் கம்ப்ரசர் இதற்குப் போதும். டயர் நிரப்பும் சிறிய கைப்பம்பு முக்கித் திணறும். வண்டிக்குள் யாரும் உட்கார வேண்டாம். இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் அடித்து, நம் சோதனைக் கருவியே கசியவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஓர் இரவு விடுங்கள். காலையில் மூலை நின்றால் பெல்லோவும் குழாயும் நிரபராதிகள், வால்வு பிளாக் குற்றவாளி. அமர்ந்திருந்தால் பெல்லோ அல்லது குழாய். பிறகு அதே இணைப்பைப் பெல்லோவின் தலையில் நேராகச் செருகி மறுபடி சோதித்தால் அந்த இரண்டையும் பிரித்துவிடலாம். இரண்டு இரவு போகும். ஒரு ஸ்ட்ரட்டின் விலையை நினைத்துப் பார்த்தால் அது பெரிதில்லை.

வால்வு பிளாக்கைக் கழற்றும்போது அதன் துளைகளில் வெள்ளை மாவு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் டிரையரின் கதை முடிந்தது. புதிய வால்வு பிளாக்கைப் பழைய டிரையரோடு பொருத்தினால் சில மாதங்களில் இதுவும் கசியும்.

ஐந்தாம் படி: கம்ப்ரசரின் உண்மை நிலை

கசிவை அடைத்த பிறகுதான் கம்ப்ரசரைச் சோதிப்பதில் பொருள் இருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு, வண்டியை உயர்த்தச் சொல்லி, காது கொடுங்கள். சீரான முனகல் வந்து வண்டி ஏறினால் கவலையில்லை. முனகல் உண்டு, ஏற்றம் மிக மெதுவு, சில நிமிடங்களில் தானே நின்றுவிடுகிறது என்றால் பிஸ்டனின் டெஃப்லான் வளையம் தேய்ந்திருக்கும். சூடு அளவு மீறினால் கணினியே அதை நிறுத்திவைக்கும். ஆறியதும் மறுபடி ஓடும். சத்தமே இல்லையென்றால் ரிலேயை மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் கம்ப்ரசரின் பிளக்கைக் கழற்றி, தகுந்த ஃப்யூஸோடு பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுங்கள், சில விநாடிகள் மட்டும். ஓடினால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது, கோளாறு வயரிங்கிலோ கணினியிலோ.

காற்று உறிஞ்சும் வழியிலுள்ள வடிகட்டியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். என் வண்டியில் அது சாம்பல் நிறத்தில் களிபோல் இறுகியிருந்தது. அடைத்த மூக்கோடு ஓடும் கம்ப்ரசர் சீக்கிரமே சூடேறும்.

வளையம் மட்டும் தேய்ந்திருந்தால் பல கம்ப்ரசர்களுக்கு வளையத் தொகுப்பு தனியாகக் கிடைக்கிறது. சிலிண்டர் சுவரில் கோடு விழாமல் இருந்தால் மாற்றிப் பார்க்கலாம். கோடு விழுந்ததில் வளையம் மாற்றுவது வீண். டிரையர் மணிகளையும் அதே சமயத்தில் மாற்றுங்கள்.

சென்சார்

சிறியது, பெரும்பாலும் எளியது. சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கையையும் சென்சாரையும் இணைக்கும் ஒரு மெல்லிய குச்சி இருக்கும். அதன் பந்து மூட்டு துருப்பிடித்து இறுகிவிடும், அல்லது கல் பட்டு ஒடியும். கையால் ஆட்டினாலே தெரியும். ஸ்கேனரில் உயர மதிப்பைப் பார்த்துக்கொண்டே குச்சியை மெல்ல நகர்த்துங்கள். எண் வழுக்கிக்கொண்டு மாற வேண்டும், தாவினால் சென்சார் தேய்ந்திருக்கிறது. மாற்றினால் உயர அளவீட்டைக் கணினிக்கு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் புதிய சென்சாரோடும் வண்டி கோணலாகவே நிற்கும். ஹெட்லைட் தானே ஏறி இறங்கும் வண்டிகளில் இரவில் விளக்கு எங்கோ மரத்தின் தலையைக் காட்டினால் அதுவும் சென்சார் வேலையாக இருக்கலாம்.

வழியில் அமர்ந்துவிட்டால்

தேசிய நெடுஞ்சாலை 44இல் தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அடுத்த ஊர்வரை போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அமர்ந்த வண்டியில் டயர் மட்கார்டின் உட்புறத்தைத் தேய்க்கும், திருப்பங்களில் வண்டி நம் சொல் கேட்காது. அந்த இறக்கத்தில் பின்னால் வருவது பெரும்பாலும் பாரம் ஏற்றிய லாரி. பாதுகாப்பான ஓரத்தில் ஒதுங்கி, எஞ்சினை நிறுத்தி, அரை மணி ஆறவிடுங்கள். பிறகு உயர்த்திப் பாருங்கள். ஏறினால் உடனே கம்ப்ரசர் ரிலேயையும் சஸ்பென்ஷன் ஃப்யூஸையும் எடுத்துவிட்டு, இருக்கும் காற்றோடு 40 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் அருகிலுள்ள பட்டறைக்குப் போங்கள். ஏறாவிட்டால் முழு வண்டியையும் மேடையில் ஏற்றும் வாகனத்தைத்தான் அழைக்க வேண்டும். கொக்கி மாட்டி முன்பக்கத்தைத் தூக்கி இழுத்தால் பின்பக்கம் சாலையில் உரசிக்கொண்டு வரும்.

எலி கடித்த குழாயை லாரிக் கடையில் கிடைக்கும் 6 மி.மீ. செருகு இணைப்பால் சேர்க்கலாம், குழாய் அதே தடிமனாக இருந்தால். முனையைக் கூர்மையான பிளேடால் நேர்வெட்டாக வெட்டுங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்கினால் அங்கேயே கசியும். வால்வு பிளாக்கிலிருந்து பெல்லோவுக்குப் போகும் குழாயில் இது வண்டியை வீடு சேர்க்கும். டேங்குக்கும் கம்ப்ரசருக்கும் இடையில் வேண்டாம். லாரி பிரேக் காற்று 8 முதல் 10 பார். இங்கே அதைவிடக் கூடுதல்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

புதிய பெல்லோ பொருத்தியதும் காற்று இல்லாமல் வண்டியை அதன்மேல் இறக்கிவிடாதீர்கள். மடிப்பு சரியாக உருளாமல் மடங்கி நசுங்கி, முதல் நாளே கிழியும். ஸ்டாண்டில் இருக்கும்போதே கொஞ்சம் காற்று ஏற்றி, மடிப்பு சுற்றிலும் ஒரே சீராக விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மெல்ல இறக்குங்கள். நட்டில் வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றும் பழக்கம் நம் பக்கத்தில் அதிகம். அதன் துணுக்கு ஒன்று வால்வுக்குள் போனால் போதும். புதிய ஓ-ரிங்கும் அளவான இறுக்கமும் இருந்தால் டேப் தேவைப்படாது.

ஒரு பக்கம் விரிசல் என்றால் மறுபக்கமும் அதே வயதுடையது. பணம் இருந்தால் இணையாக மாற்றுங்கள். இல்லையென்றால் ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீரால் விசாரித்துக்கொண்டிருங்கள். நான் இரண்டாவது வழியில்தான் இருக்கிறேன்.

எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுச் சாதாரணச் சுருள் வில் போடுவது பற்றிக் கேட்பார்கள். அதை நான் இழிவாக நினைக்கவில்லை. அஞ்செட்டி மலைச் சாலையில் தினமும் ஓட வேண்டிய வண்டி, சந்தை விலை இரண்டு ஸ்ட்ரட்டின் விலையைத் தாண்டாத வண்டி என்றால் அது நியாயமான முடிவே. ஆனால் பாரத்துக்கு ஏற்ப உயரம் சரிசெய்யும் வசதி போய்விடும், எச்சரிக்கை விளக்கை அடக்கத் தனி ஏற்பாடு வேண்டும், நெடுஞ்சாலையில் வழுக்கிக்கொண்டு போகும் அந்தச் சுகத்துக்காகத்தானே இந்த வண்டியை வாங்கினோம் என்ற நினைப்பும் அவ்வப்போது வந்து குத்தும். ஒரே ஒரு ஓ-ரிங் கசிவுக்காக இந்த முடிவை எடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன், அது வேதனை.

வேலை முடிந்த அன்று கணினியில் பிழைகளை அழித்து, உயரத்தைச் சரிபார்த்து, கம்ப்ரசர் எத்தனை விநாடி ஓடி நிற்கிறது என்று ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அந்த நேரம் நீண்டால் எங்கோ புதிய கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள். பிறகு பழைய நோட்டையும் டேப்பையும் எடுத்து மூன்று இரவு அளங்கள். என் பின் இடது மூலை முதல் இரவு 38.5, காலையில் 38.3. இரண்டாம் காலை 38.3. மூன்றாம் காலை நான் குனிந்து அளந்துகொண்டிருந்தபோது பால்காரர் வந்து நின்றார். "இன்னும் பஞ்சர் ஒட்டவில்லையா சார்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.